டர்பன் கடற்காற்றில் கூடைப்பந்து சக்கர நாற்காலி

விற்பவர்கள் முதலில் பேசுவது எடையைப் பற்றித்தான். ஒரு கிலோ குறைந்தால் விலை எங்கேயோ போய்விடும். டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து மண்டபங்களில் அலுமினிய நாற்காலிகளைப் பல பருவங்கள் உருட்டிய பிறகு எங்கள் கணிப்பு வேறு. வேகத்தைத் தின்பது பெரும்பாலும் எடை இல்லை, கோணல் சக்கரம்.

ஆட்ட நாற்காலியின் பெரிய சக்கரங்கள் மேலே ஒடுங்கி, கீழே அகன்று, 15 முதல் 20 டிகிரி வரை சாய்ந்து நிற்கும். கேம்பர் என்பது இதுதான். சட்டென்று திரும்பவும், மோதலில் கவிழாமல் நிற்கவும், விரல் நசுங்காமல் இருக்கவும் இந்தச் சாய்வு வேண்டும். ஆனால் இரு சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குக் குழாய் கொஞ்சம் திரும்பினாலும் சக்கரங்கள் இணையாக ஓடாது. முன்பக்கம் நெருங்கும் அல்லது விலகும். இதற்கு போல்ட் தளர வேண்டும் என்பதுகூட இல்லை. முன் குட்டிச் சக்கரத்தைச் சற்றுப் பெரிதாக மாற்றினாலே சட்டகம் பின்னால் சாய்ந்து, குழாயும் கூடவே திரும்பிவிடும். அப்புறம் ஒரு தள்ளலுக்கு வண்டி பாதி தூரத்திலேயே நின்றுபோகும், டயர் சீக்கிரம் தேயும், தோள் வலிக்கும். பழியோ ஆட்டக்காரரின் உடற்பயிற்சி மேல் விழும்!

சரிபார்க்க டேப் ஒன்று போதும். முதலில் காற்றடியுங்கள். ஆட்டக்காரர் உட்கார்ந்து, வார்களையும் கட்டிக்கொள்ளட்டும். காலி நாற்காலியில் எடுக்கும் அளவு உதவாது. அச்சின் உயரத்தில் இரு ரிம்களுக்கும் இடையிலான தூரத்தை முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை அளந்து பாருங்கள். வித்தியாசம் 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் குழாயைப் பிடிக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, மயிரிழை திருப்பி, மறுபடி அளக்க வேண்டும். இறுக்கும்போதே குழாய் நகர்ந்துவிடும் என்பதால் இரு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

டயர் வாங்கும்போது அங்குலத்தை நம்பாதீர்கள். சக்கர நாற்காலியில் 25 அங்குலம் என்று சொல்லும் சக்கரத்தின் ரிம் அளவு 559 மில்லிமீட்டர். அதே 559 சைக்கிள் கடையில் 26 அங்குல மவுண்டன் பைக் டயராக இருக்கும். நாற்காலியின் 24 அங்குலம் 540, சைக்கிளின் 24 அங்குலம் 507. டயரின் பக்கவாட்டில் உள்ள மூன்றிலக்க எண்ணைப் பார்த்து வாங்கினால் வீண் அலைச்சல் இல்லை. பிரெஸ்டா என்ற ஒல்லி வால்வு உள்ள டியூபுக்கு பெட்ரோல் கராஜின் காற்றுக் குழாய் நேரடியாகப் பொருந்தாது. அழுத்தமானி வைத்த கால்பம்பு ஒன்று அணிக்குப் பொதுவாக இருந்தால் நல்லது. ஒல்லி டயர் சீக்கிரம் காற்றிறங்கும், ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் அடித்தே ஆக வேண்டும். சிமென்ட் தரையில் டயர் தேயும் வேகத்தைப் பார்த்தால் மரத்தரை மண்டபத்துக்கு வாடகை கொடுப்பதே லாபம் என்று தோன்றும்.

குட்டிச் சக்கரம் சத்தம் போட்டால் பேரிங்கைப் பாருங்கள். பெரும்பாலும் 608 எண் பேரிங், ஸ்கேட்டிங் சக்கரங்களில் வருவதுதான். தலைமுடியும் நூலும் சுற்றிக்கொண்டு அதை இறுக்கிவிடும்.

டர்பனுக்கென்றே ஒரு தலைவலி உப்புக்காற்று. அலுமினியச் சட்டகத்தில் எஃகு போல்ட் இருக்கும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். வெள்ளைத் தூள் பூக்கும். கழற்றுகிற அச்சு உள்ளேயே சிக்கிக்கொண்டால் சக்கரம் வராது, நாற்காலி காருக்குள் போகாது, பக்கி (பிக்கப் வண்டி) வைத்திருப்பவரைத் தேட வேண்டியதுதான். வாரம் ஒருமுறை அச்சை உருவி, துடைத்து, மெல்லிய கிரீஸ் பூசிச் செருகுங்கள். மூடிய பேரிங்குக்குள் துருநீக்கி ஸ்பிரே அடிக்க வேண்டாம், அது உள்ளிருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும்.

ஒவ்வொருவரின் உடல் இயக்கத்துக்கு ஏற்ப வகைப்பாட்டுப் புள்ளி உண்டு, மிகக் குறைந்த இயக்கத்துக்கு 1.0. சர்வதேச விதிப்படி களத்தில் உள்ள ஐவரின் புள்ளிகள் கூட்டினால் 14-ஐத் தாண்டக் கூடாது. அதனால் 1.0 புள்ளிக்காரரின் இருக்கை சரியாக அமைவது அணிக்கே முக்கியம். உடல்நடு வலு இல்லாதவருக்கு இருக்கையின் பின்பக்கம் தாழ்ந்திருந்தால் பிடிமானம் கிடைக்கும். ரொம்பவும் தாழ்த்தினால் வால் எலும்பில் அழுத்தம் ஏறிப் புண் வரும். உணர்ச்சி இல்லாத இடத்தில் வலி எச்சரிக்காது, பயிற்சி முடிந்ததும் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்ப்பதுதான் வழி. சிவப்பு அரை மணியில் மறையாவிட்டால் அடுத்த பயிற்சிக்கு லீவு. இடுப்பு வார் வயிற்றில் ஏறாமல் தொடையின் மேற்பகுதியில் பதிய வேண்டும். வெல்க்ரோவில் பஞ்சு அடைத்தால் ஆட்டத்தின் நடுவில் கழன்றுவிடும், பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். ஆரைக்கம்பிகளை மூடும் வட்டத் தகட்டை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். கைப்பிடி குறைந்தவர் பந்தை அதில் அழுத்தி, சக்கரச் சுழற்சியோடு மடிக்கு ஏற்றுகிறார்.

பிப்ரவரிப் புழுக்கத்தில் முதுகுத்தண்டில் உயரே காயம்பட்டவர்களைக் கவனியுங்கள். காயத்துக்குக் கீழே வியர்க்காது, உடம்புச் சூடு உள்ளேயே ஏறும். இடைவேளைதோறும் முகம், கழுத்து, கைகளில் தண்ணீர் ஸ்பிரே அடித்து, விசிறியடியில் உட்கார வையுங்கள்.

பழைய நாற்காலி வாங்குவதானால் முதலில் இருக்கை அகலம். பற்றவைத்த சட்டகத்தில் அதை மாற்றவே முடியாது. இடுப்பு தளர்ந்து ஆடினால் தள்ளும் பலம் வீணாகும். சொகுசாக இருக்கிறது என்று அகலமாக வாங்கியவர்கள் பின்னால் பக்கவாட்டில் ஸ்பாஞ்ச் செருகிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அடுத்து பற்றவைப்பு மூட்டுகள், முக்கியமாக முன் மோதல்கம்பியும் பின்னால் கவிழாமல் தடுக்கும் குட்டிச் சக்கரத்தின் அடியும். டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.