"ஆட்டோ கால்க் செட்" வாங்குமுன் மோட்டாரையும் பவுடரையும் பாருங்கள்

மதுரையில் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். ஆவியாகிற தண்ணீருக்குப் பதிலாகக் கால்க்கை, அதாவது பவளத்துக்கான சுண்ணாம்புத் தண்ணீரை, தானாக ஊற்றும் "ஆட்டோ கால்க் செட்" என்று 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு மீன் கடையில் மாட்டிக்கொடுத்த சாமான், 200 லிட்டர் டேங்க்கை ஒரே ராத்திரியில் பாலாக வெளுக்க வைத்துவிட்டது. கேட்டதற்குக் கடைக்காரர் சொன்ன பதில், "உங்க உப்பு சரியில்ல சார்." கடல்நீருக்காக டேங்க்கில் கலக்கும் அந்த உப்பில் எந்தக் குறையும் இல்லை.

செட்டைப் பிரித்துப் பார்த்தால் 20 லிட்டர் வாளி, மணிக்கு 600 லிட்டர் தள்ளும் சப்மெர்சிபிள் மோட்டார், சம்ப்பில் (டேங்க்குக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டி) ஒரே ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் (தண்ணீர் மட்டம் இறங்கினால் மோட்டாரை ஓட்டும் மிதவை), அவ்வளவுதான். ஃப்ளோட் சிக்கினால் இரண்டு, மூன்று நிமிஷத்தில் வாளி காலி. தெளிந்த கால்க் தண்ணீரின் பிஎச் 12.4. அதில் ஒரு லிட்டர் போனாலே 200 லிட்டருக்கு கேஹெச் (தண்ணீரின் காரத்தன்மை அளவு) 0.55 அளவு ஏறும். 20 லிட்டரும் போனால் 11. எந்தப் பவளமும் தாங்காது. போதாததற்கு மோட்டார் வாளியின் அடியிலேயே கிடந்ததால், கரையாத சுண்ணாம்பையும் சேர்த்து உறிஞ்சித் தள்ளியிருக்கிறது.

ஃப்ளோட் ஏன் சிக்கியது? கால்க் டியூபின் வாயை ஃப்ளோட்டுக்கு நேர் மேலே கட்டியிருந்தார்கள். சொட்டச் சொட்டத் தண்டில் வெள்ளைப் பொருக்கு கட்டி, மிதவை கீழேயே ஒட்டிக்கொண்டது. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை.

ஃப்ளோட் நன்றாக இருந்தாலும் இந்த அமைப்பு நம்ம ஊருக்கு ஒத்துவராது. சித்திரை வெயிலில் ஃபேனும் ஓடினால் ஆவியாவது அதிகம். ஆவியாகிற அத்தனைக்கும் கால்க்கே ஊற்றினால் கேஹெச் எகிறும். ஐப்பசி மழையில் ஆவியாவது குறைந்து, அதே டேங்க்குக்குக் கால்க் போதாமல் போகும். கரண்ட் போய் வரும்போது மெயின் மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றுவதால் சம்ப் மட்டம் சற்று இறங்கும். உடனே ஃப்ளோட் தேவையில்லாமல் கால்க்கை இழுக்கும்.

ஆகவே இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். ஆவியாவதை ஈடுகட்ட வெறும் ஆர்ஓ தண்ணீர்; கால்க்குக்குத் தனியாகப் பெரிஸ்டால்டிக் டோசிங் பம்ப் (டியூபை அழுத்தி அழுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக அளந்து விடுவது). மூன்று நாள் கால்க் ஊற்றாமல் கேஹெச் டெஸ்ட் பண்ணுங்கள். தினம் 0.5 குறைந்தால் 200 லிட்டருக்கு 900 மி.லி. கால்க் போதும். அதை 24 பங்காக்கி மணிக்கு 37 மி.லி. விடுங்கள். லிட்டருக்கு 1.5 கிராம் பவுடர்தான் கரையும். கலக்கி, மூடி, தெளிய விட்டு, உறிஞ்சும் டியூபை அடியிலிருந்து 3 செ.மீ. மேலே நிறுத்துங்கள். விடும் வாய் தண்ணீருக்குள் முங்கக் கூடாது. நீரோட்டம் வேகமான இடத்தில், ஃப்ளோட்டுக்குத் தள்ளி இருக்கட்டும். கேன் சின்னதாக இருப்பது நல்லது, முழுக்கக் கொட்டினாலும் டேங்க் பிழைக்கும்.

அந்தக் கடை கொடுத்த பவுடர் லேபிள் இல்லாத பாலிதீன் கவரில் வந்தது. ஒரு சிட்டிகையை வினிகரில் போட்டதும் புஸ்ஸென்று நுரைத்தது, அடியில் மணல் தங்கியது. நல்ல கால்சியம் ஹைட்ராக்சைடு அநேகமாக நுரைக்காமல் கரைந்துவிடும். நுரைத்தால் காற்றுப் பட்டுக் கார்பனேட்டாக மாறிவிட்ட சரக்கு. வெள்ளையடிக்கிற சுண்ணாம்பை டேங்க் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நல்ல பவுடரானாலும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இல்லாமல் தொட வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

ஏற்கெனவே கொட்டிவிட்டதா? முதலில் கால்க்கை நிறுத்துங்கள். இனிப்பில்லாத, எதுவும் கலக்காத சோடாவை சம்ப்பில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். 200 லிட்டருக்கு 300 மி.லி. விட்டால் பிஎச் ஏறக்குறைய 0.3 இறங்கும். வெண்மை தெளிந்தபின் கேஹெச் பாருங்கள், அது படிந்து குறைந்திருக்கும்.

பில்லில் "அக்வேரியம் ஐட்டம்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். மோட்டார், ஃப்ளோட், பவுடர் ஒவ்வொன்றும் பெயரோடு வேண்டும். கடை கைவிரித்தால் 1915-க்குப் போன் போடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம்.