திருகோணமலையில வீட்டு வேலைக்கு ஆள் தேடுறவை, ஏஜென்சிக்கு காசு போட முதல் ஒருக்கா இதை வாசிங்கோ

போன ரெண்டு கிழமைக்குள்ள மூண்டு பேர் எனக்கு போன் எடுத்துக் கேட்டுட்டினம், டீச்சர் நீங்க அந்த ஏஜென்சியாலதானே வீட்டு வேலைக்கு ஆள் எடுத்தனீங்க, நல்லமா எண்டு. மூண்டு பேருக்கும் தனித்தனியா சொன்னதை இப்ப எல்லாருக்குமா எழுதுறன். ஏஜென்சியின்ட பேரை இங்க போடேல்ல, விசயம் இப்ப மத்தியஸ்த சபையில, அதாவது கோட்டுக்குப் போக முதல் பிணக்கைக் கதைச்சுத் தீர்க்கிற இடத்தில நிக்குது. ஆனா அவங்கள் காசு எடுக்கிற விதத்தை வாசிச்சா உங்களுக்கு போன் வரேக்க விளங்கும்.

எங்கட வீட்டு நிலைமை இதுதான். நான் படிப்பிக்கிறன், அவர் சீனக்குடா பக்கம் ஷிப்ட் வேலை, மூண்டு பிள்ளையள், கடைசி இன்னும் நேர்சரி. மாமிக்கு முழங்கால் ஒப்பரேசன் செய்து நாலு மாசம், அதோட தொய்வும் (ஆஸ்துமா) இருக்கு. காலமை அஞ்சுக்கு எழும்பி சமைச்சு, மூண்டு பேரையும் வெளிக்கிடுத்தி, பின்னேரம் டியூஷனுக்கு ஏத்தி இறக்கி, இரவு பதினொரு மணிக்கு உடுப்பு தோய்ச்சுக்கொண்டு நிப்பன். வீடு கூட்டித் துடைச்சு, பாத்திரம் கழுவி, மத்தியானம் மாமிக்கு சோறு போட்டுக் குடுக்க ஒரு ஆள் இருந்தா காணும், அவ்வளவுதான் நான் கேட்டது.

பேஸ்புக்கில விளம்பரம் பாத்துத்தான் போன் எடுத்தன். ஒரு தம்பி சரியான மரியாதையா கதைச்சார், மேடம் மேடம் எண்டு. எல்லாரும் பொலிஸ் ரிப்போட் எடுத்த ஆக்கள், ட்ரெயினிங் குடுத்த ஆக்கள், மூண்டு மாசத்துக்குள்ள பிடிக்கேல்லையெண்டா மூண்டு தரம் ஆள் மாத்தித் தருவம் எண்டார். பதிவுக்கு 5,000, கொமிஷன் 20,000, முதல் மாச சம்பளம் 38,000, எல்லாமா 63,000 ரூபா முன்னுக்கே போடச் சொன்னார். சம்பளத்தை ஏன் உங்களிட்ட தரவேணும், வாற ஆளிட்ட மாச முடிவில குடுக்கிறன் எண்டு கேட்டன். இல்ல மேடம், கையில காசு குடுத்தா அவையள் ரெண்டாம் நாள் வேலைக்கு வராம நிண்டுடுவினம், நாங்கள் பொறுப்பெடுக்கிறம் எண்டார். அந்த இடத்திலயே நான் போனை வச்சிருக்கவேணும். வைக்கேல்ல. அக்கவுண்ட் நம்பர் வந்தது, கம்பெனி பேரில இல்ல, ஒரு தனி ஆளின்ட பேரில. அதையும் பாத்துக்கொண்டுதான் காசு போட்டன், ஏனெண்டா அடுத்த திங்கள் எங்களுக்கு தவணைப் பரீட்சை தொடங்குது, வீட்டில ஆள் இல்லாட்டி ஏலாது எண்ட நிலைமை.

வந்த அக்காவைப் பற்றி ஒரு குறை சொல்ல எனக்கு வாய் வராது. கிண்ணியா பக்கம் ஒரு ஊர், நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். முந்தியெண்டா அந்தப் பக்கத்தால வாறதுக்கு பாதையில, அதாவது கடலைக் கடக்கிற மிதவைப் படகில ஏறி இறங்கி பொழுது போயிடும், 2009இல பாலம் திறந்த பிறகு காலமை பஸ் எடுத்தா ஏழரைக்கு எங்கட படலையில நிப்பா. என்னை பிள்ளை எண்டுதான் கூப்பிடுவா. மாமிக்கு கால் எண்ணெய் பூசச்சொல்லி ஒருத்தரும் கேக்கேல்ல, தானா பூசி விட்டா. கடைக்குட்டி ரெண்டாம் நாளே அவவின்ட மடியில ஏறிட்டான். ஒன்பது நாள் வந்தா.

பத்தாம் நாள் வரேல்ல. போன் ஓப். ஏஜென்சிக்கு எடுத்தா, அவக்கு வீட்டில பிரச்சினை மேடம், இனி வரமாட்டா, வேற ஆள் அனுப்புறம் எண்டாங்கள். நான் காசைத் திருப்பித் தாங்கோ எண்டன். அப்பதான் அந்த வட்ஸ்அப்பில அனுப்பின படிவத்தை வடிவா வாசிக்கச் சொன்னாங்கள், கடைசிக்கு முதல் வரியில இருக்கு, ஆள் வந்து 7 நாளுக்குள்ள வேலையை விட்டு நிண்டாத்தான் காசு திரும்பும். ஒன்பது நாள் வேலை செய்திருக்கிறா, அப்ப காசு இல்லையாம்.

நான் ஒண்டை மறைக்காமச் சொல்லவேணும். அண்டைக்கு இரவு நான் அலுமாரியைத் திறந்து சங்கிலி, காப்பு எல்லாம் இருக்கோ எண்டு பாத்தன். எல்லாம் இருந்தது. அந்த அக்கா மேல ஒரு நாளும் சந்தேகம் வரேல்ல, ஆனா சொல்லாமக் கொள்ளாம நிண்டவுடன கை தானா அலுமாரிக்குப் போகுது. பிறகு நடந்ததைக் கேட்டா, நான் ஏன் இதைச் சொல்லுறன் எண்டு விளங்கும்.

ரெண்டாவதா ஒரு பிள்ளையை அனுப்பினாங்கள், முப்பது வயசு மட்டில. ட்ரெயினிங் எடுத்தவ எண்டாங்கள். பாவம், அவ அது வரைக்கும் கருவாட்டு வாடியில வேலை செய்தவ, வீட்டு வேலைக்கு வந்தது அண்டைக்குத்தான் முதல் தரம், ட்ரெயினிங் எண்டு ஒருத்தரும் ஒண்டும் காட்டிக் குடுக்கேல்ல. எங்கட கிணத்துத் தண்ணிக்கு பாத்ரூம் டைல்ஸ் எல்லாம் கறை பிடிக்கும், அதைப் போக்கவேணும் எண்டு டொய்லெட்டுக்கு ஊத்துற அசிட்டை ஊத்தி, அது காய முதலே அதுக்கு மேல பிளீச்சையும் ஊத்திட்டா. அது ரெண்டும் சேந்தா குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூமுக்குள்ள உயிர் போகிற அளவுக்கு ஆபத்து. பக்கத்து அறையில படுத்திருந்த மாமிக்கு இழுக்கத் தொடங்கிட்டுது, ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடி நெபுலைஸ் பண்ணித்தான் மூச்சு வந்தது. அந்தப் பிள்ளைக்கும் கண்ணெல்லாம் சிவந்து ஒரே இருமல். உங்கட வீட்டில ஆர் வேலை செய்தாலும் இந்த ரெண்டு போத்தலையும் ஒரே தட்டில வையாதேங்கோ, அசிட் போட்டா நல்லா தண்ணி அடிச்சுக் கழுவி கதவு யன்னல் திறந்து விட்டு, பிளீச்சை இன்னொரு நாளைக்கு எடுங்கோ. வாசலில இருந்த சிவப்பு சீமெந்துத் தரையிலயும் அசிட் சிந்தி பொளிஞ்சு போச்சு, அது மாமா இருக்கேக்க போட்ட தரை, ஆனா மாமி உயிரோட இருக்கிறா, தரையைப் பற்றி நான் இனிக் கதைக்கேல்ல.

அந்தப் பிள்ளை அழுதுகொண்டு போனா. ஏஜென்சி என்ன சொன்னது தெரியுமோ, மேடம் இதோட ரெண்டாவது சான்ஸ் முடிஞ்சுது.

மூண்டாவது ஆளை வேனில கொண்டு வந்து இறக்கினாங்கள். நான் பதினாலு வருசமா படிப்பிக்கிறன், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்ல. சின்னக் கை, காதில பிளாஸ்ரிக் தோடு, ஒரு சொப்பிங் பையில உடுப்பு. ரைவர் சொல்லுறான் பதினெட்டு வயசாம். நான் அந்தப் பிள்ளையிட்ட மெதுவா எந்த ஸ்கூல் எண்டு கேட்டன், அவள் உடன ஸ்கூல் பேரைச் சொல்லிட்டு, சொன்ன பிறகுதான் ரைவரைத் திரும்பிப் பாத்தாள். எங்கட நாட்டில வேலைக்கு எடுக்கக்கூடிய குறைஞ்ச வயசு முந்தி 14ஆ இருந்தது, 2021இல 16 ஆக்கினவை. அந்தப் பிள்ளைக்கு பதினாறு எண்டு கூட என்னால நம்ப ஏலாது. உள்ளுக்கு கூட்டிக்கொண்டு போய் சோறு போட்டன், முட்டை பொரிச்சுக் குடுத்தன், சாப்பிட்டு முடியிற வரைக்கும் ரைவரை வெளியில நிக்க வச்சன். அவள் சாப்பிட்ட கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டு போய் கழுவப் பாத்தாள், அதுதான் எனக்கு இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ட நம்பர், அதுக்கு அங்கயே நிண்டு போன் எடுத்து வேன் நம்பரோட எல்லா விபரமும் குடுத்தன். அவளின்ட அம்மாவிட போன் நம்பரையும் அவளிட்டயே வாங்கி, நானே கதைச்சு, அம்மா வந்து கூட்டிக்கொண்டு போகும் மட்டும் என்னோட வச்சிருந்தன். ரைவர் அதுக்கு முதலே வேனை எடுத்துக்கொண்டு போயிட்டான். அந்த அம்மாவுக்கு ஏஜென்சி சொல்லியிருந்தது, டீச்சர் வீடு, படிக்கவும் விடுவினம் எண்டு.

ஞாயிற்றுக்கிழமை என்ட தங்கச்சி வந்தா, அவ பிரதேச செயலகத்தில வேலை. முதல் வந்த அக்காவின்ட அடையாள அட்டை எண்டு எனக்கு ஏஜென்சி அனுப்பின கொப்பியை அவவிட்ட காட்டினன். ஒரு பக்கம் மட்டும்தான் அனுப்பினவங்கள், படம் கறுத்துப்போய் ஆரெண்டே தெரியாது. அவ நம்பரைப் பாத்தவுடன, அக்கா இது ஆம்பிளையின்ட நம்பர் எண்டா. எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது. பழைய அட்டையில முதல் ரெண்டு இலக்கம் பிறந்த வருசம், அடுத்த மூண்டு இலக்கம் அந்த வருசத்தில எத்தனையாவது நாள் பிறந்தது எண்டது, பொம்பிளையெண்டா அதோட 500ஐக் கூட்டிப் போடுவினம். 2016க்குப் பிறகு வந்த 12 இலக்க அட்டையிலயும் அதே கணக்குத்தான், வருசம் மட்டும் நாலு இலக்கமா இருக்கும். எனக்கு அனுப்பின நம்பரில அந்த மூண்டு இலக்கம் 214. பொம்பிளையின்ட அட்டையெண்டா 500க்கு மேல இருக்கவேணும். ஆற்றையோ அட்டையை எடுத்து வச்சுக்கொண்டு வீடு வீடா அதே கொப்பியை அனுப்பியிருக்கிறாங்கள். அப்ப பொலிஸ் ரிப்போட் எண்டு சொன்னதும் என்னவெண்டு யோசிச்சுப் பாருங்கோ. உங்களுக்கு ஆரும் கொப்பி அனுப்பினா இந்த மூண்டு இலக்கத்தைப் பாருங்கோ, அதைவிட நல்லது ஆள் வாற அண்டைக்கு ஒறிஜினலைக் கையில வாங்கிப் பாக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போனன். வெளியில செருப்புப் போடேக்க பாத்தா அந்த அக்கா. என்னைக் கண்டவுடன முகத்தைத் திருப்பிக்கொண்டு றோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போறா. நான் பின்னால ஓடினன். அக்கா அக்கா எண்டு கூப்பிட, நிண்டு, கும்பிட்ட கையோட கேட்டா, பிள்ளை, நான் உங்கட வீட்டில ஒரு சாமானும் தொடேல்ல, அம்மாளாச்சி அறிய தொடேல்ல எண்டு.

ஏஜென்சி அவவுக்கு சொல்லியிருக்கு, டீச்சர் வீட்டில சங்கிலி காணேல்லையாம், உன்னிலதான் சந்தேகமாம், பொலிசுக்குப் போகப்போயினம், நாங்கள்தான் கெஞ்சி நிப்பாட்டி வச்சிருக்கிறம், அந்தப் பக்கம் தலை காட்டாதே, போன் எடுக்காதே. எனக்கு வீட்டில பிரச்சினை எண்டு சொல்லிட்டு, அவவுக்கு களவெண்டு சொல்லியிருக்கிறாங்கள். அடுத்த நாளே அவவை உப்புவெளிப் பக்கம் இன்னொரு வீட்டுக்கு விட்டிருக்கிறாங்கள், அங்கயும் அதே மாதிரி காசு வாங்கி, அங்கயும் ஒன்பதாம் நாளோட தூக்கியிருக்கிறாங்கள். ஏழு நாள் தாண்டினா காசு திருப்பத் தேவையில்ல எண்டதுதான் அவங்கட கணக்கே. நல்லா வேலை செய்யிற ஒரு ஆளை வச்சு எத்தனை வீட்டில காசு எடுக்கலாம், அவ்வளவு வீட்டிலயும் எடுக்கிறது.

நான் அவவுக்கு எண்டு குடுத்தது 38,000. அவவிட்ட சொன்ன மாச சம்பளம் 22,000. அந்த ஒன்பது நாளுக்கு அவவின்ட கையில குடுத்தது 3,000, அதுவும் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) வெட்டினது எண்டு சொல்லி. சட்டப்படி வெட்டுறதெண்டா தொழிலாளியிட்ட 8 வீதம், முதலாளி தன்ட பங்குக்கு 12 வீதம் போடவேணும், உறுப்பினர் நம்பர் ஒண்டு குடுக்கவேணும். அவவிட்ட நம்பரும் இல்ல துண்டும் இல்ல. அவவின்ட அடையாள அட்டை ஒறிஜினலையும் பதிவுக்கு எண்டு வாங்கி வச்சுக்கொண்டு குடுக்கேல்ல, அதாலதான் அவவால விட்டுட்டு வரவும் ஏலாமக் கிடந்தது. கோயில் வாசலில நிண்டு ரெண்டு பேரும் அழுதம். நான் அண்டைக்கு இரவு அலுமாரி திறந்து பாத்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டன். அவ என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு, வீட்டுக்காரர் பாக்கத்தானே வேணும் பிள்ளை எண்டா.

பொலிஸில ரெண்டு பேருமா முறைப்பாடு போட்டம், நான் காசுக்கு, அவ அட்டைக்கும் சம்பளத்துக்கும். பொலிசில இருந்து போன் போன அடுத்த நாள் அட்டை மட்டும் அவவின்ட கைக்கு வந்திட்டுது. காசு விசயம் மத்தியஸ்த சபைக்குப் போயிருக்கு. முதல் தவணைக்கு ஏஜென்சி வரேல்ல. அங்க காசு கட்டத் தேவையில்ல, லோயரும் தேவையில்ல, ஒத்துவரேல்லையெண்டா அதுக்கு ஒரு சான்றிதழ் தருவினம், அதை வச்சு கோட்டுக்குப் போகலாம். நான் போவன்.

இதுக்குப் பிறகும் ஏஜென்சியாலதான் எடுக்கவேணும் எண்ட நிலைமை உங்களுக்கு இருக்கும், எனக்கு விளங்குது, எனக்கும் அப்பிடித்தான் இருந்தது. பிரதேச செயலகத்தில வியாபாரப் பதிவு செய்த துண்டைக் காட்டச் சொல்லுங்கோ, வாற ஆளிட்ட கிராம சேவகர் கடிதம் கேளுங்கோ, தனி ஆளின்ட அக்கவுண்டுக்கு ஒரு சதமும் போடாதேங்கோ. சம்பளத்தை வேலை செய்யிற ஆளின்ட கையில நீங்களே குடுங்கோ, அவவிட்ட எவ்வளவு எண்டு சொல்லியிருக்கினம் எண்டு முதல் நாளே கேளுங்கோ. அவவின்ட சொந்த நம்பரையும் அவவின்ட வீட்டு ஆள் ஒராளின்ட நம்பரையும் எடுத்து வையுங்கோ, என்னட்ட அந்த ரெண்டாவது நம்பர் இருந்திருந்தா அந்த மனிசி ஒன்றரை மாசம் கள்ளியெண்ட பேரோட திரிஞ்சிருக்கமாட்டா.

அடுத்த தவணை வாற சனிக்கிழமை. உப்புவெளி வீட்டுக்காரர் வாறம் எண்டு சொல்லியிருக்கினம். இதே மாதிரி ஏழு நாள் தாண்டின கையோட ஆள் நிண்டு, காசும் வராம இருக்கிற ஆக்கள் இன்னும் இருந்தா பாங்க் ஸ்லிப்பையும் அவங்கள் அனுப்பின அடையாள அட்டைக் கொப்பியையும் அழியாம வச்சுக்கொண்டு எனக்கு இன்பொக்ஸில எழுதுங்கோ. அந்தக் கொப்பியில மூண்டு இலக்கமும் 214ஆ எண்டு முதல் பாருங்கோ.