பென் டிரைவா, வைஃபையா? எம்பிராய்டரி இயந்திரத்துக்கு வடிவமைப்பை அனுப்பும் இரு வழிகள்

எந்த வழியில் அனுப்பினாலும், கோப்பு இயந்திரம் படிக்கக்கூடிய வகையில் இருக்க வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. பிரதர் இயந்திரங்கள் பி.இ.எஸ். வகையையும், ஜனோமி இயந்திரங்கள் ஜே.இ.எஃப். வகையையும் படிக்கின்றன. பல இயந்திரங்கள் ஏற்கும் டி.எஸ்.டி. வகையில் நூலின் நிறங்கள் பதிவாவதில்லை என்பதால், திரையில் நிறம் மாறித் தெரிந்தால் கோப்பு பழுதாகிவிட்டது என்று அஞ்ச வேண்டாம்.

பென் டிரைவுக்கு வலையமைப்பு எதுவும் தேவையில்லை. கோப்பு போய்ச் சேர்ந்ததா என்பதைக் கண்ணாலேயே சரிபார்க்கலாம். ஆனால் பழைய இயந்திரங்கள் அதிகக் கொள்ளளவுள்ள பென் டிரைவ்களைப் படிக்கத் திணறுவதுண்டு; ஆகவே கொள்ளளவு குறைந்த ஒன்றை ஃபேட்32 (FAT32) என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்து, இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்வது நல்லது. சுருக்கப்பட்ட ஜிப் கோப்பை விரிக்காமல் அப்படியே நகலெடுப்பதும், துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தின் அளவை மீறிய வடிவமைப்பை அனுப்புவதும்தான் தொடக்கநிலையினர் அடிக்கடி செய்யும் பிழைகள். இரண்டிலும் வடிவமைப்பு திரையில் தோன்றாமலே போகலாம், பழி மட்டும் பென் டிரைவின் மேல் விழும்.

வைஃபை வழிக்கு அந்த வசதியுள்ள இயந்திரமும், பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனத்தின் மென்பொருளும் வேண்டும். பல இயந்திரங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும். ஒருமுறை இணைத்துவிட்டால், ஒரே வடிவமைப்பைத் திருத்தித் திருத்தித் தைத்துப் பார்ப்பவருக்கு இது பெரும் வசதி.

முதல் சில மாதங்களுக்குப் பென் டிரைவையே நான் பரிந்துரைப்பேன். பிழை எங்கே நேர்ந்தது என்பதை அதில் எளிதாகக் கண்டுபிடிக்கலாம்.