கறுப்பு மைக்கூட்டுக்குள் வெட்டிவேர்: லாலிக் ஆங்க்ர் நுவார், சென்னையில் பூசிப் பார்த்தால்

வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்துவிட்டு லாலிக் நிறுவனத்தின் ஆங்க்ர் நுவார் பெர்ஃப்யூமை வாங்குகிறவர்கள் முதல் நாளே குழம்பிப் போகிறார்கள். இருண்ட காடு, பனிமூட்டம், ஆள் நடமாட்டமில்லாத கல்லறை என்றெல்லாம் அங்கே எழுதியிருக்கும். தமிழ் மூக்கு அந்தக் காட்டுக்குள் போவதே இல்லை. நேராக மண்பானைத் தண்ணீருக்குப் போகும், கோடையில் தண்ணீர் தெளித்துக் கட்டிய வெட்டிவேர்த் தட்டிக்குப் போகும், எண்ணெய் தேய்த்துக் குளித்தபின் ஈரத் தலைக்குக் காட்டும் சாம்பிராணித் தட்டுக்குப் போகும். அந்தத் தட்டின் அடியில் கிடக்கும் கரி வாசம்வரை இதில் உண்டு.

காரணம் எளிது. இதன் நடுவே இருப்பது வெட்டிவேர் எண்ணெய். உலகம் முழுக்க இதற்கு வழங்கும் 'வெட்டிவர்' என்ற பெயரே தமிழிலிருந்து போனதுதான். 2006ல் நதாலி லோர்சன் உருவாக்கிய இந்த பெர்ஃப்யூமின் பட்டியல் ரொம்பச் சின்னது: முதலில் எழும் மேல் வாசனையாக சைப்ரஸ் என்ற ஊசியிலை மரம், நடுவே ஹைட்டி வெட்டிவேரும் பூர்பன் (ரீயூனியன் தீவு) வெட்டிவேரும், கடைசிவரை நிற்கும் அடியில் காஷ்மீர் வுட் எனப்படும் மர வாசனையும் மஸ்க் எனப்படும் கஸ்தூரி வகை வாசனையும். புகை என்று தனிச் சரக்கு எதுவும் பட்டியலில் கிடையாது. வேரின் மண்வாசனையும் சைப்ரஸின் பிசின் வாசனையும் சேர்ந்துதான் அந்தப் புகை எழுகிறது. அதனால்தான் இதில் கருகல் நெடி இல்லை. அடுப்பு அணைந்து அரைமணி கழித்துச் சமையலறையில் நிற்குமே, அந்த அளவுப் புகை.

வாசனை நரம்புகள் மூளையில் நினைவையும் உணர்ச்சியையும் கையாளும் பகுதிகளுக்கு வெகு அருகே போய்ச் சேர்கின்றன. வேறு எந்தப் புலனுக்கும் இவ்வளவு குறுக்குவழி இல்லை. சின்ன வயதில் வெட்டிவேர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவருக்கு இது பரிச்சயமான வாசனை, பூசியவுடன் ஒட்டிக்கொள்ளும். குடிக்காதவருக்கு இது வெறும் மர பெர்ஃப்யூம், கொஞ்சம் கடினமானதும்கூட. வாங்குவதற்கு முன் இதில் நீங்கள் யார் என்று தெரிந்துகொள்வது நல்லது.

கடையில் சோதிக்கும்போதுதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். காகிதத் துண்டில் அடித்தவுடன் மூக்கருகே கொண்டுபோனால் வருவது வெட்டிவேர் அல்ல, சைப்ரஸ். சைப்ரஸ் எண்ணெயில் பைனீன் என்ற வேதிப்பொருள் மிகுதி. பெயின்ட்டில் கலக்கும் டர்பன்டைனில் இருப்பதும் அதுவே. அதனால் முதல் 10 நிமிடம் பெயின்ட் கடை, சீவிய பென்சில், தரை துடைக்கும் திரவம் என்று ஏதோ ஒன்று போல இருக்கும். பாதிப் பேர் அங்கேயே துண்டை வைத்துவிட்டு வேறு புட்டிக்குப் போய்விடுகிறார்கள். துண்டைச் சட்டைப் பையில் போடாமல் கையில் பிடித்தபடி ஷாப்பிங் மாலுக்குள் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். 40 நிமிடம் கழித்து முகருங்கள். பைனீன் லேசானது, பறந்திருக்கும். வெட்டிவேரின் மூலக்கூறுகள் கனமானவை, அப்போதுதான் பேசத் தொடங்கும். அது பிடித்தால் இன்னொரு நாள் வந்து முழங்கை மடிப்பில் ஒரு முறை அடித்துக்கொண்டு, வெளியே வெயிலில் நடந்து பாருங்கள். ஏசிக்குள் மட்டும் சோதித்து வாங்குவது சென்னைக்காரர் செய்யக்கூடாத வேலை.

இங்கே வெயிலும் புழுக்கமும் இரண்டு விதமாக வேலை செய்கின்றன. வெயில் மேல் வாசனையைச் சீக்கிரம் விரட்டிவிடும். கத்திரி வெயிலில் சைப்ரஸ் பத்து நிமிடம்கூட நிற்காது, அது ஒரு வகையில் லாபம். புழுக்கம் மண்வாசனையைப் பெரிதாக்கும். மார்கழிக் காலையில் மென்மையாக இருக்கும் அதே மூன்று அடிப்பு, மே மாதத்துப் பிற்பகலில் பக்கத்து இருக்கைக்காரரை ஜன்னல் பக்கம் நகர வைக்கும். கோடைக்கு இரண்டு, மழைக்காலம் முடிந்தபின் மூன்று அல்லது நான்கு என்பது என் கணக்கு. மின்சார ரயிலிலும் ஷேர் ஆட்டோவிலும் போகிறவர்கள் எப்போதுமே இரண்டோடு நிறுத்தலாம்.

பூசும் முறை: குளித்தவுடன் அடிக்காதீர்கள். துவட்டிய பிறகும் தோலில் ஈரம் இருக்கும். பத்து நிமிடம் மின்விசிறியடியில் நின்று உடம்பு காய்ந்தபின், வாசனையில்லாத வாசலினைப் பட்டாணி அளவு எடுத்து மார்பில் தேய்த்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஒரு முறை அடியுங்கள். சட்டை அதன் மேல் வரட்டும். இன்னொன்று முழங்கை மடிப்பில். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதன் வாசம் வேர்வையோடு சேர்ந்து வெட்டிவேரை மூடிவிடும். குளிர்ச்சி தரும் டால்கம் பவுடரும் இதற்கு எதிரி, புதினா வாடை இதை மருந்தாக மாற்றிவிடும். மாறாக, மல்லிகைப் பூவும் சந்தனமும் இதோடு அழகாகச் சேரும். மாலை கட்டுகிறவர்கள் வெட்டிவேரையும் பூவையும் ஒன்றாகக் கோப்பது சும்மா இல்லை. பைக்கில் போகிறவர்கள் கழுத்தில் அடிக்க வேண்டாம். ஹெல்மெட்டுக்குள் வாசனை தேங்கி, கிண்டி தாண்டுவதற்குள் தலை வலிக்கும்.

பலருக்கும் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் சரியாகக் காயாத சட்டை மேல் இதைப் பூசக்கூடாது. அரைகுறையாகக் காய்ந்த துணியின் ஈர வாடையும் வேரின் மண்வாசனையும் ஒரே பக்கம் சாய்கிறவை. இரண்டும் சேர்ந்தால் மூடிக்கிடந்த பழைய பெட்டியைத் திறந்த நாற்றம் வரும், பழி பெர்ஃப்யூம் மேல் விழும். மழை நாளில் துணியை இஸ்திரி போட்டு, சூடு ஆறியபின் உடுத்துங்கள். வெள்ளை வேட்டி சட்டையிலும் பட்டிலும் நேராக அடிப்பதைத் தவிர்க்கலாம். வெள்ளைப் பருத்தியில் கறை படிய வாய்ப்புண்டு, ஜரிகை கறுத்துப் போகும்.

இரண்டு மணி நேரத்தில் வாசனை போய்விட்டது என்பது அடிக்கடி கேட்கும் புகார். பாதி நேரம் போயிருப்பது பூசியவரின் மூக்கு. ஒரே வாசனையில் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடும், மஸ்க் சிலருக்குப் பிறவியிலேயே சரியாகத் தெரியாது. திரும்ப அடிப்பதற்கு முன் கூட இருப்பவரைக் கேளுங்கள். அதே சமயம் இது ஓ டு டாய்லெட் எனப்படும் அடர்த்தி குறைந்த வகை, நாள் முழுக்க ஊரைக் கூட்டும் சரக்கு இல்லை என்பதும் உண்மை. மதியத்துக்குப் பிறகு தோலோடு ஒட்டி, சுத்தமான வேர் வாசமாக நிற்கும். எனக்கு இதன் மிகச் சிறந்த பகுதி அதுதான். மாலையில் கழற்றிய சட்டையின் உட்பக்கம் முகர்ந்தால் சைப்ரஸ் சுத்தமாக இருக்காது, புகை அடங்கியிருக்கும், காய்ந்த வேர்க்கட்டு மட்டும் மிச்சம்.

இன்னும் அடர்த்தியாக வேண்டும் என்றால் இதே வரிசையில் 2015ல் வந்த ஆ லெக்ஸ்ட்ரீம் இருக்கிறது. அதில் குந்திரிக்கமும் பென்சாயினும் சேர்ந்திருக்கும். பென்சாயின் என்பது நம் சாம்பிராணிதான். புகை கூடும், கூடவே இனிப்பும் கூடும். கல்யாண வீட்டு மாலை நேரத்துக்கு அது பொருந்தும். அலுவலகத்துக்குப் பழையதே போதும்.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது ரூஹ் கஸ், அதாவது வெட்டிவேரின் சுத்த எண்ணெய். உத்தரப் பிரதேசத்துக் கன்னௌஜில் செப்புப் பாத்திரத்தில் வேரை வடித்து எடுப்பது, செம்பு பட்டுக் கொஞ்சம் பச்சை ஏறியிருக்கும். ஆல்கஹால் கிடையாது, குச்சி நுனியில் தொட்ட ஒரு சொட்டு இரவு வரை நிற்கும். திருவல்லிக்கேணி பக்கத்து அத்தர் கடைகளில் கஸ் என்று கேட்டால் தருவார்கள். ஆனால் பளீரென்ற பச்சை நிறமும் சர்பத் இனிப்பும் இருந்தால் அது ரூஹ் அல்ல. நல்லது கெட்டியாக, முதலில் சேறு போலக்கூட மணக்கும். வேரை அசலாக வேண்டுவோருக்கு அதுதான் சரி. ஆங்க்ர் நுவார் அதே வேரைச் சலவை செய்து, காலர் வைத்துத் தைத்தது போல.

புட்டியைப் பற்றி ஒரு குறை. மைக்கூடு வடிவில் சதுரமான கறுப்புக் கண்ணாடி, மேலே மர மூடி, மேசையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. வாங்கிய அன்றே சமையலறைத் தராசில் மூடியோடு எடை போட்டு, அட்டைப்பெட்டியின் உட்புறம் எழுதிவையுங்கள். இந்தத் திரவம் தண்ணீரைவிட லேசானது. 100 மில்லி புட்டி என்றால் காலியாகும்போது எடை 80 முதல் 90 கிராம் வரை குறைந்திருக்கும். ஒரு அடிப்புக்கு ஏறக்குறைய 0.1 மில்லி போகும். தினம் மூன்று என்றால் 300 நாளுக்கு மேல் வரும்.

வாங்கும்போது பெட்டியின் அடியிலும் புட்டியின் அடியிலும் உள்ள பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் குளியலறை அலமாரியிலும், வெயிலில் நிற்கும் காரிலும் வைக்கக்கூடாது. துணி பீரோதான் நல்ல இடம். மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர் ஒரு கட்டு வாங்கி, அலசி, நிழலில் காயவைத்து, மெல்லிய துணியில் முடிந்து சட்டைகளுக்கு நடுவே போட்டுவையுங்கள். சட்டையிலேயே வேர் வாசம் ஏறியிருந்தால் ஒரு அடிப்பு குறைத்துக்கொள்ளலாம்.