இடி வாங்கியவருக்கும் 4 பாயிண்ட்

ஐரேசிங் என்ற ஆன்லைன் கார் ரேஸ் கேமுக்காக நான் வைத்திருக்கும் பிரேக் பெடலை ரிப்பேர் பார்த்து வாங்கி வந்ததிலிருந்து திருநகர் நண்பர் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். "மாப்ள, இடிச்சவனுக்கும் 4, இடி வாங்கினவனுக்கும் 4னா இது என்ன நியாயம்? இதுக்கு நான் எதுக்குக் காசு கட்டணும்?" அவர் கிரான் டூரிஸ்மோ 7 என்ற இன்னொரு கார் ரேஸ் கேம் ஓட்டுகிறவர். அதில் யார் மேல் தப்பு என்று கேமே முடிவு செய்து நேர அபராதம் போடும்.

ஐரேசிங்கில் அந்த விசாரணை கிடையாது. 4 சக்கரமும் தடத்தை விட்டுப் போனால் 1 தப்புப் பாயிண்ட், கார் சுழன்றால் 2, இன்னொரு காரோடு பலமாக மோதினால் இருவருக்குமே 4. எத்தனை வளைவுக்கு எத்தனை பாயிண்ட் வாங்கினோம் என்பதை வைத்துத்தான் நாம் எவ்வளவு பத்திரமாக ஓட்டுகிறோம் என்று காட்டும் சேஃப்டி ரேட்டிங். கடைசி ஆளாக வந்தாலும் சுத்தமாக ஓட்டியிருந்தால் அது ஏறும்.

இதன் நியாயம் எனக்கு உறைத்தது அந்தப் பெடலால்தான். பெடல் எவ்வளவு அழுந்துகிறது என்று அளக்க உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கு சேர்ந்து, கால் படாமலே பிரேக் பிடித்துப் பிடித்து விட்டது. ஒகயாமா தடத்தில் மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் ஓட்டும்போது நேர்தடத்தில் என் கார் சட்டென்று தயங்க, பின்னால் ஒட்டி வந்தவர் இடித்துவிட்டார். ரீப்ளேயில் பார்க்கிற யாரும் அவரைத்தான் திட்டுவார்கள். என் பெடலுக்குள் இருந்த அழுக்கு எந்த நிரலுக்குத் தெரியும்?

அதனால் இடிபடாமல் பார்த்துக்கொள்வதும் நம் வேலையாகிறது. இங்கேதான் எனக்கு உண்மையான சந்தோஷம். முதல் சுற்றில் முன்னால் போகும் காரை விட்டுவிட்டு அதற்கும் முன்னால் போவதைக் கவனிக்கிறேன். பக்கத்தில் முழுசாக வராமல் உள்பக்கம் மூக்கை நுழைப்பதில்லை. கார் சுழன்றால் பிரேக்கை அழுத்திப் பிடிக்கிறேன், பின்னால் வருகிறவர் எந்தப் பக்கம் விலகுவது என்று கணிக்க முடியும். இரண்டு வளைவு பக்கத்துப் பக்கத்தில் உரசாமல் ஓட்டிவிட்டு, முடிந்ததும் இருவரும் சாட்டில் நன்றி சொல்லும்போது கிடைக்கிற நிறைவு ஜெயித்தாலும் கிடைப்பதில்லை.

சரி, கோபமே வராதா? வரும். முதல் வளைவில் பிரேக்கே போடாமல் வந்து நாலைந்து பேரை அள்ளிக்கொண்டு போகிறவரை நினைத்தால் இப்போதும் கொதிக்கிறது. வேண்டுமென்றே இடித்தால் ரீப்ளேயோடு புகார் கொடுக்கலாம், ஆட்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஆனால் அந்த ரேஸ் போனது போனதுதான்.

டவுன்ஹால் ரோடு பக்கம் ரிப்பேர் கடை அண்ணன் கான்டாக்ட் கிளீனர் அடித்துக் கொடுத்த பிறகு பெடல் நன்றாக இருக்கிறது. நான் சந்தாவைப் புதுப்பிக்கிறேன். நண்பரிடம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சந்தா போக, கூடுதல் காருக்கும் தடத்துக்கும் தனித்தனியாகக் காசு. அத்தனையும் கட்டிவிட்டு, வாங்கிய ஒவ்வொரு இடிக்கும் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு ராத்திரி தூக்கம்தான் போகும்.