டெனோசுமாப் 120 மி.கி. ஊசி: ஆறு போட்ட பிறகு

நான் பி.டி. மாஸ்டர். பையன்களுக்குச் செய்து காட்டக் குத்தவைத்து உட்கார முடியாமல் போனபோதுதான் எக்ஸ்ரே எடுத்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் சோப்பு நுரை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஜெயன்ட் செல் டியூமர். அபூர்வமான கட்டி. பெரும்பாலும் புற்றுநோய் கிடையாது, ஆனால் எலும்பை அரித்துவிடும். சிலருக்கு நுரையீரல் வரை போகும்.

டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். பயாப்சியில் பெரிது பெரிதாகத் தெரியும் ராட்சச செல்கள் உண்மையில் கட்டியே இல்லையாம். அவற்றுக்கு நடுவே இருக்கும் சிறிய ஸ்ட்ரோமல் செல்கள்தான் கட்டி. அவை ரேங்க்-எல் என்ற புரதத்தைச் சுரந்து, ரத்தத்தில் வரும் சாதாரண செல்களைக் கூட்டிச் சேர்த்து ராட்சச செல்களாக்கி எலும்பைக் கரைக்க வைக்கின்றன. டெனோசுமாப் அந்த ரேங்க்-எல்லைப் பிடித்துக்கொள்கிறது. ராட்சச செல்கள் மறைகின்றன. ஆனால் எய்தவன் உள்ளேயே இருக்கிறான். அமெரிக்காவில் 2013-இல் இந்தக் கட்டிக்கு அனுமதி கிடைத்த மருந்து இது.

1, 8, 15-ஆம் நாள்களில் ஒவ்வொன்று, அப்புறம் 29-ஆம் நாளிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒன்று. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்து, வயிற்றுத் தோலுக்கடியில் போடுகிறார்கள். இரண்டாவது ஊசிக்குப் பிறகு வலி மாத்திரை இல்லாமல் தூங்கினேன். மூன்று மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் ஓட்டையைச் சுற்றி முட்டை ஓடு போல வெள்ளை விளிம்பு. அதைப் பார்த்து என் மனைவி அழுதுவிட்டாள்.

குறையும் உண்டு. கால்சியம் இறங்கி விரல் நுனியும் உதடும் மரமரத்தன. கால்சியம், வைட்டமின் டி மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். தாடை எலும்பு பாதிக்கப்படலாம் என்பதால் பல் வேலை இருந்தால் ஊசிக்கு முன்பே முடித்துவிடுங்கள். கர்ப்பிணிகள் போடக் கூடாது. ஊசியை நிறுத்தினால் கட்டி திரும்பலாம். புதிதாக வளரும் எலும்புக்குள் கட்டி செல்கள் ஒளிந்துகொள்ளும் என்பதால் ஆபரேஷனில் கட்டியைச் சுரண்டி எடுப்பதும் கடினமாகுமாம். அதனால்தான் எனக்கு ஆறோடு நிறுத்தி, அடுத்த வாரம் ஆபரேஷன். சொந்த மூட்டையே காப்பாற்றிவிடலாம் என்கிறார் டாக்டர்.

ஒரு மருந்துக்கடையில் 60 மி.கி. பெட்டியைக் கொடுத்துவிட்டார்கள். அது எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கொரு முறை போடுவது. மருந்தின் பெயர் ஒன்றுதான். 120 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.