ஐரோப்பியக் காப்புரிமை: நாடு நாடாகவா, ஒரே பதிவாகவா?

காப்புரிமை வழக்குகளுக்குப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவாக ஒரே நீதிமன்றம் அமைக்க 2013-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 2023 ஜூன் 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரே பதிவில் பல நாடுகளில் செல்லும் புதிய காப்புரிமையும் அதோடுதான் வந்தது. பிரெக்ஸிட் ஒரு பக்கம். 2020-ல் ஜெர்மனியின் ஒப்புதல் சட்டத்தை அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்றது இன்னொரு பக்கம். அந்தப் பத்து வருட இழுபறியில் நொந்தது சிறு நிறுவனங்கள்தான்.

பழைய வழியில், ஐரோப்பியக் காப்புரிமை கிடைத்தபின் நாட்டுக்கு நாடு தனிப்பதிவு. இங்கே மொழிபெயர்ப்பு, அங்கே உள்ளூர் வழக்கறிஞர், வருடா வருடம் தனித்தனிக் கட்டணம். புதியதில், காப்புரிமை கிடைத்த ஒரு மாதத்துக்குள் ஒரே விண்ணப்பம், ஒரே கட்டணம், 18 நாடுகள். ஆங்கிலத்தில் உள்ள காப்புரிமைக்கு ஒரே ஒரு மொழிபெயர்ப்பு போதும். ஸ்பெயின், போலந்து இதில் சேரவில்லை.

ஆனால் புதியதில், காப்புரிமை செல்லாது என்று யாராவது போடும் ஒரு வழக்கில் தோற்றால் அந்த எல்லா நாட்டிலும் உரிமை போய்விடும். பழையதில், அந்தப் பொது நீதிமன்றத்திலிருந்து விலகிக்கொண்டால், அந்தப் பயம் குறைவு.

இரண்டு மூன்று நாடு போதுமென்றால் பழையதே மலிவு. அதற்கு மேல் போனால் நான் புதியதைத்தான் சொல்வேன்.